வாசகர் கேள்விகள்: எமி டானும் அம்மாவின் பேச்சும்

சீன அமெரிக்க எழுத்தாளர் எமி டானின் முதல் நாவல் ‘தி ஜாய் லக் கிளப்’. சீனாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய நான்கு அம்மாக்களும் அங்கே வளர்ந்த அவர்களின் மகள்களும்தான் கதை. அது குறித்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றிலிருந்து சில.

முதல் நாவல் வந்தபோது அவருக்கு 37 வயதாமே, அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்?
– வாசகர், அரூர்

1952இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்தவர். பதின்வயதில் அண்ணனையும் அப்பாவையும் அடுத்தடுத்து மூளைக்கட்டிக்குப் பறிகொடுத்தார். மகள் டாக்டராக வேண்டும் என்பது அம்மா டெய்சியின் ஆசை. மகளோ மொழியியல் படித்தார். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் மொழி வளர்ச்சிக்கான வேலையில் இருந்தார். பிறகு பெரிய கம்பெனிகளுக்கு அறிக்கையும் விளக்கக் கையேடும் எழுதிச் சம்பாதித்தார். கதைப் பக்கம் வந்தது 1985இல், ஓர் எழுத்துப் பட்டறைக்காக. செஸ் ஆடும் சிறுமியைப் பற்றிய அந்தக் கதைதான் நாவலின் ஐந்தாம் அத்தியாயமாக இருக்கிறது.

நாவல் முடியும் முன்பே பதிப்பகம் பணம் கொடுத்ததா? அங்கே கணக்கு எப்படி?
– வாசகி, பாலக்கோடு

ஆமாம். செஸ் கதையைப் படித்த இலக்கிய முகவர் சாண்ட்ரா டைக்ஸ்ட்ரா, சில கதைகளையும் மீதிக்கான திட்டக் குறிப்பையும் வைத்தே புட்னம் பதிப்பகத்திடம் பேசி முடித்தார். 1987இல் அம்மாவோடு சீனா போய்த் திரும்பிய எமி டானுக்கு 50,000 டாலர் முன்பணம் காத்திருந்தது. கம்பெனி வேலையை விட்டுவிட்டு மீதிக் கதைகளைச் சில மாதங்களில் எழுதி முடித்தார். 1989இல் புத்தகம் வந்தது.

முன்பணம் இனாம் அல்ல. ராயல்டியில், அதாவது விற்கும் பிரதிக்கு எழுத்தாளருக்கு வரும் பங்கில், கழியும். கெட்டி அட்டைப் பதிப்புக்கு அங்கே வழக்கமான விகிதம் முதல் 5,000 பிரதிக்கு விலையில் 10 சதவீதம், அடுத்த 5,000க்கு 12.5, அதற்கு மேல் 15. விலை 20 டாலர் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: முதல் 5,000க்கு 10,000 டாலர், அடுத்த 5,000க்கு 12,500. பாக்கி 27,500 டாலர் கழியப் பிரதிக்கு 3 டாலர் வீதம் இன்னும் 9,167 பிரதி விற்க வேண்டும். ஏறத்தாழ 19,000 பிரதி தாண்டிய பிறகுதான் புதிதாக ஒரு டாலர் வரும். முகவருக்கு இன்றைய வழக்கப்படி 15 சதவீதம் போகும். முன்பணமும் ஒரே தவணையில் வராது: கையெழுத்தின்போது கொஞ்சம், கைப்பிரதி கொடுத்ததும் கொஞ்சம், புத்தகம் வெளியானதும் மீதி. அதை நம்பி வேலையை விடுகிறவர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

எங்கள் வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். அம்மாவின் தமிழ் கொஞ்சம் தடுக்கும். அவரைக் கதையில் எழுதினால் கேலி போல ஆகிவிடுகிறது. எமி டான் எப்படிச் சமாளித்தார்?
– வாசகி, ஓசூர்

நல்ல கேள்வி. டெய்சியின் ஆங்கிலமும் தடுக்கும். பங்குத் தரகருக்குப் போன் போட்டு, அம்மாவின் குரலாக மகள் பேச வேண்டிய அளவுக்கு.

நாவலில் அவர் செய்தது இது. மகள்கள் சொல்லும் அத்தியாயங்களில் அம்மாக்கள் உடைந்த ஆங்கிலம் பேசுகிறார்கள். அதே அம்மாக்கள் தம் கதையைத் தாமே சொல்லும்போது மொழி தங்குதடையில்லாமல் ஓடுகிறது, ஏனென்றால் அவர்கள் மனசுக்குள் பேசுவது சீன மொழி. அம்மா படித்தால் புரிய வேண்டும் என்று நினைத்தே எழுதினார். டெய்சியும் படித்துவிட்டு, படிக்கச் சுலபமாக இருக்கிறது என்றார்.

நீங்களும் அம்மா பக்கத்து வீட்டாரிடம் தெலுங்கில் பேசுவதை முழு வளமான தமிழில் எழுதுங்கள். பேங்க் கவுண்டரில் அவர் பேசும் தமிழை மட்டும் தடுக்க விடுங்கள். தடுமாற்றம் விட்டுப்போன விகுதியிலும் மாறிப்போன சொல் வரிசையிலும் தெரியட்டும். எழுத்துப்பிழையில் காட்டினால்தான் கேலி வந்து ஒட்டிக்கொள்கிறது. ஓர் உரையாடலில் ஓர் இடத்தில் தடுத்தால் போதும்.

அது அவருடைய சொந்தக் கதைதானா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பாதிதான். டெய்சி அமெரிக்கா வரும்போது சீனாவில் விட்டுவந்தது மூன்று பெண்களை, நாவலில் வருவது இரட்டைக் குழந்தைகள். அக்காக்களை எமி டான் முதன்முதலாகச் சந்தித்த அந்த 1987 பயணம்தான் கடைசி அத்தியாயத்துக்கு விதை.

பத்துப் பக்கத்தில் யார் யாருக்கு மகள் என்று குழம்பிவிட்டேன். எப்படிப் படிப்பது?
– வாசகர், பென்னாகரம்

பலரும் தடுக்கி விழும் இடம். நான்கு பகுதி, பகுதிக்கு நான்காக 16 கதை, கதை சொல்கிறவர்கள் ஏழு பேர். எட்டாமவரான ஜிங்-மேயின் அம்மா கதை தொடங்கும் முன்பே இறந்துவிட்டார். நான்கு அம்மாக்களும் கூடி மாஜாங் ஆடுவது வழக்கம். மாஜாங் என்பது திண்ணையில் தாயம் ஆடுவது போல நால்வர் உட்கார்ந்து கட்டைகளை வைத்து ஆடும் ஆட்டம். அந்த ஆட்டத்தில் இறந்த அம்மாவின் இடத்தில் மகள் ஜிங்-மே உட்கார்வதில்தான் கதை தொடங்குகிறது. நான்கு பகுதியிலும் ஒவ்வொரு கதை அவளுடையது, மற்ற ஆறு பேருக்கும் இரண்டிரண்டு. முதல் பகுதியிலும் நான்காம் பகுதியிலும் அம்மாக்கள், நடு இரண்டிலும் மகள்கள். நான்கு அம்மா–மகள் ஜோடிகளையும் துண்டுக் காகிதத்தில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை வரிசையாகவே படியுங்கள். அதன்பிறகு 3, 5, 10, 15 ஆகிய அத்தியாயங்களை மட்டும் சேர்த்துப் படித்தால், லிண்டோவும் மகள் வேவர்லியும் ஒருவரையொருவர் தப்பாகவே புரிந்துகொள்வது துலக்கமாகத் தெரியும்.