பாஸ் மீனும் பருவமும்: வாசகர் கேள்வி – பதில்

ஏரியில் லார்ஜ்மௌத் பாஸ் என்ற நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிக்கும் வாசகர்களின் கேள்விகளில் முக்கால்வாசி "எந்த லூர் (செயற்கை இரை) நல்லது?" என்றுதான் வருகின்றன. எங்கள் பதில்களோ பெரும்பாலும் தண்ணீரின் வெப்பநிலையைக் கேட்டே தொடங்குகின்றன. பாஸின் உடம்புச் சூடு தண்ணீரின் சூட்டோடு ஏறி இறங்கும். அது எங்கே நிற்கும், எவ்வளவு தூரம் துரத்தும், ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும் எல்லாமே அதைப் பொறுத்தது. இங்கே சொல்லும் பருவங்கள் வட அரைக்கோளத்து ஏரிகளுக்கானவை.

கேள்வி: பனிக்கட்டி கரைந்துவிட்டது, வெயிலும் நன்றாக அடிக்கிறது. கோடையில் மீன் கிடைத்த அதே கோரை ஓரத்தில் நாள் முழுக்க வீசியும் ஒரு கடி கூட இல்லை. மீன் எங்கே போனது?

காற்று சூடானதால் தண்ணீரும் சூடாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சாதாரண தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி மூன்றடி ஆழத்தில் இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். மேல்மட்டத்தை மட்டும் அளந்தால் மதிய வெயில் உங்களை ஏமாற்றும். 8 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் மீன் இன்னும் குளிர்கால ஆழத்தை விட்டு வரவில்லை. 8 முதல் 15 வரை இருந்தால் கரையை நோக்கிக் கிளம்பிவிட்டது, ஆனால் எல்லாக் கரைக்கும் அல்ல.

முதலில் சூடாவது ஏரியின் வடக்கு, வடமேற்குப் பக்கத்து உள்வளைவுகள். தெற்கிலிருந்து சாயும் வெயில் அங்கே நேராக விழுகிறது, குளிர்ந்த வாடைக்காற்றும் அவற்றைத் தொடாது. அடித்தரை கறுப்புச் சேறாக இருந்தால் இன்னும் சீக்கிரம் சூடேறும். ஒரே ஏரியில் இரண்டு உள்வளைவுகளுக்கிடையே 2, 3 டிகிரி வித்தியாசம் இருக்கலாம். வசந்தத்தில் அந்த வித்தியாசமே மீன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். உள்வளைவின் வாயிலில், ஆழம் சட்டென்று குறையும் விளிம்பிலிருந்து தொடங்கி, வெயில் ஏற ஏற உள்ளே நகருங்கள். விடியற்காலையில் போய் நிற்பது வீண். இந்தப் பருவத்தில் பிற்பகல் 2 மணிக்கு மேல்தான் நல்ல நேரம்.

தண்ணீர் தெளிவாக இருந்தால், மிதக்காமலும் மூழ்காமலும் நடுவில் நிற்கும் ஜெர்க்பெய்ட் என்ற சிறுமீன் வடிவ லூர். இரண்டு சுண்டு சுண்டி நிறுத்துங்கள். 10 டிகிரிக்குக் கீழே அந்த நிறுத்தம் 5 முதல் 10 நொடி வரை இருக்க வேண்டும். பலருக்கு இங்கேதான் பொறுமை போய்விடுகிறது. நிறுத்தத்தின்போது லூர் மெதுவாக மேலே ஏறினால், குளிர்ந்த தண்ணீரின் அடர்த்தி அதிகம் என்பதே காரணம். முன் தூண்டில் முள்ளுக்குப் பக்கத்தில் லூரின் வயிற்றில் ஒரு சிறு ஈயத் தகடு ஒட்டினால் சரியாகும். வால் பக்கம் ஒட்டினால் தலை தூக்கிக்கொள்ளும், மீன் தொடாது. தண்ணீர் கலங்கலாக இருந்தால், உள்ளே குண்டு குலுங்கும் லிப்லெஸ் கிராங்க்பெய்ட், அதாவது வாயில் தகடு இல்லாத மீன் வடிவ லூர். புதிதாக முளைக்கும் செடியில் அது லேசாகச் சிக்கும்போது வெடுக்கென்று பிடுங்குங்கள். கடி பெரும்பாலும் அந்தப் பிடுங்கலின்போதுதான் விழும்.

கேள்வி: கரையோரம் இரண்டடி ஆழத்தில் வட்டமான குழிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பாஸ். லூரைப் போட்டால் தின்னாமல் வாயால் தூக்கி வெளியே தள்ளுகிறது. எப்படிப் பிடிப்பது?

நீங்கள் பார்ப்பது ஆண் மீன். தண்ணீர் 15, 16 டிகிரியைத் தொட்டதும் வாலால் சுத்தம் செய்து கூடு போடும். பெண் மீன் முட்டையிட்டுவிட்டு நகர்ந்துவிடும். முட்டையையும், பொரித்த குஞ்சுகளையும் காவல் காப்பது ஆண் மட்டுமே. அதைத் தூக்கிவிட்டால் சுற்றிலும் காத்திருக்கும் புளூகில் மீன்கள் சில நிமிடங்களில் கூட்டைக் காலி செய்துவிடும். அதனால் பல இடங்களில் இந்தக் காலத்தில் பாஸ் பிடிக்கத் தடை உண்டு; உங்கள் ஏரியின் அந்த ஆண்டு விதியைப் படித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். தடை இல்லாத இடத்திலும் கூட்டை விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து. தெரியாமல் மாட்டிக்கொண்டால் படம் எடுக்க நிற்காமல் அதே இடத்தில் உடனே விடுங்கள். மீன்தான் வேண்டுமென்றால், இன்னும் கூட்டுக்கு வராத பெண் மீன்களைத் தேடிப் பக்கத்து 6 முதல் 10 அடி ஆழத்துக்கு நகரலாம்.

கேள்வி: டெக்சாஸ் ரிக்கில் (முள் முனை புழுவுக்குள் மறையும்படி கோர்க்கும் முறை) பிளாஸ்டிக் புழு பம்பரம் மாதிரிச் சுற்றுகிறது. பத்து வீச்சுக்குள் தூண்டில் நரம்பு முறுக்கிக்கொள்கிறது. ஈயம் பெரிதாக இருப்பதாலா?

ஈயத்தால் அல்ல, புழு கோணலாகக் கோர்க்கப்பட்டிருக்கிறது. 7 அங்குலப் புழுவுக்கு 3/0 அளவு ஆஃப்செட் முள் (கண்ணுக்குக் கீழே மடிப்பு உள்ளது) போதும். முள் முனையைப் புழுவின் தலையில் சரியாக நடுவில் 6 மில்லிமீட்டர் நுழைத்துப் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள்ளை அரை வட்டம் திருப்பி, அதன் கண் புழுவின் தலைக்குள் புதையும் வரை இழுங்கள். இனிமேல்தான் எல்லோரும் அவசரப்படும் இடம். முள்ளைப் புழுவின் பக்கத்தில் தொங்கவிட்டு, வளைவின் அடிப்பகுதி புழுவின் உடம்பில் எங்கே படுகிறது என்று நகத்தால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் முனையை நேராகக் குத்தி மறுபக்கம் வெளியே எடுத்து, பிறகு மேல் தோலில் மட்டும் லேசாகச் செருகிவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு குத்தினால், கோட்டுக்கு முன்னால் விழுந்து புழு இழுபடும், அல்லது பின்னால் விழுந்து கூன் போடும். இரண்டிலும் அது சுற்றும். முடிந்ததும் தலையைப் பிடித்துத் தொங்கவிட்டால் ஸ்கேல் வைத்தது மாதிரி நேராக இருக்க வேண்டும். தலையில் இருக்கும் வார்ப்புக் கோட்டைப் பார்த்தே முள்ளை நுழைத்தால் நடு தவறாது.

ஈயம் 10 அடிக்குள் 5 முதல் 7 கிராம், அதற்கு மேல் ஆழத்திலும் காற்றிலும் 10 முதல் 14 கிராம். அடியில் வழவழவென்று பாசி படிந்திருந்தால் கனத்த ஈயம் புழுவையும் சேர்த்து அதற்குள் இழுத்துக்கொண்டு போகும், அங்கே குறைத்துக்கொள்ளுங்கள். அடர்ந்த செடிக்குள் போடும்போது ஈயம் தனியாக நழுவிக் கீழே போய் புழு மேலேயே தொங்கும். ஈயத்துக்கு மேலே நரம்பில் ஒரு ரப்பர் ஸ்டாப்பர் மாட்டினால் இரண்டும் ஒன்றாக இறங்கும்.

கேள்வி: லார்ஜ்மௌத், ஸ்மால்மௌத் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

வாயை மூடிப் பாருங்கள். மேல் தாடையின் ஓரம் கண்ணின் பின்விளிம்பைத் தாண்டிப் போனால் லார்ஜ்மௌத், கண்ணுக்குக் கீழேயே நின்றால் ஸ்மால்மௌத். லார்ஜ்மௌத்தின் விலாவில் கறுப்புப் பட்டை நீளவாக்கில் ஓடும். ஸ்மால்மௌத்துக்குச் செங்குத்துக் கோடுகள்.

கேள்வி: கோடையில் காலை 8 மணியோடு எல்லாம் நின்றுவிடுகிறது. ஆழத்தில் இருக்கும் என்று 40 அடியில் போட்டுப் பார்த்தேன், அங்கேயும் இல்லை.

ஆழமான ஏரி கோடையில் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே சூடான தண்ணீர், கீழே குளிர்ந்த தண்ணீர், நடுவில் வெப்பம் மளமளவென்று குறையும் ஒரு மெல்லிய அடுக்கு. அதன் பெயர் தெர்மோகிளைன். கீழ் அடுக்குக்குக் காற்றோடு தொடர்பில்லை. அடியில் அழுகும் செடி, இலைகள் அங்குள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகின்றன. வளமான ஏரிகளில் கோடை நடுவில் அங்கே மீன் வாழவே முடியாது. உங்கள் தெர்மோகிளைன் 20 அடியில் இருந்தால், 40 அடியில் போட்டது ஆளில்லாத வீட்டில் கதவைத் தட்டியதற்குச் சமம்.

சோனார் (ஒலியால் ஆழத்தைக் காட்டும் கருவி) இருந்தால் உணர்திறனைக் கூட்டுங்கள். திரையில் குறுக்காக ஒரு மங்கலான பட்டை தெரியும், அதுதான் எல்லை. சோனார் இல்லையென்றால் தெர்மாமீட்டரை இரண்டடிக்கு ஒருமுறை இறக்கி அளந்தாலே போதும். அந்தப் பட்டைக்குச் சற்று மேலே, தரை நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள், மூழ்கிய மேடுகள், செடிக்கூட்டத்தின் வெளிவிளிம்பு இவற்றைத் தேடுங்கள். செடிவிளிம்பு நேர்க்கோடாக ஓடாமல் உள்ளே வாங்கும் இடமோ வெளியே பிதுங்கும் இடமோ முதலில் போட வேண்டியது.

அங்கே டிராப் ஷாட், அதாவது முள்ளுக்குக் கீழே ஈயம் தொங்கும் அமைப்பு, நன்றாக வேலை செய்யும். 1 அல்லது 2 எண் முள், அதற்குக் கீழே 12 முதல் 18 அங்குலம் விட்டு 7 கிராம் ஈயம், 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பு. ஈயம் தரையை விட்டு எழக்கூடாது, நரம்பின் தொய்வை மட்டும் அசையுங்கள். ராடை (தூண்டில் கம்பை) ஆட்டு ஆட்டென்று ஆட்டுவதுதான் இதில் பெரும்பாலோர் செய்யும் கெடுதல்.

கேள்வி: அல்லி இலைகளின் மேல் தவளை லூர் இழுக்கிறேன். மீன் வெடித்துக்கொண்டு மேலே வருகிறது, ஆனால் பத்தில் எட்டு மாட்டுவதில்லை.

சத்தம் கேட்டதும் ராடைத் தூக்குகிறீர்கள். பாஸ் இலையோடு சேர்த்து அடிக்கிறது. தவளை வாய்க்குள் போய், மீன் தலையைத் திருப்பிக் கீழே இறங்க ஒரு நொடி, இரண்டு நொடி ஆகும். தவளை மறைந்து கையில் கனம் தெரிந்த பிறகு, நரம்பின் தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு ராடை முழு பலத்தோடு வெடுக்கென்று அடித்து இழுங்கள். நரம்பு 50 பவுண்டுக்குக் குறையாத பிரெய்டாக (பின்னிய நரம்பாக) இருக்க வேண்டும். நைலான் இழுபடும், முள் தாடையில் ஏறாது. முள் முனைகள் தவளையின் உடம்போடு ஒட்டிப் படிந்திருந்தால் இடுக்கியால் இரண்டையும் மிக லேசாக மேலே வளைத்துவிடலாம்.

கேள்வி: ஃபுளோரோகார்பன் முடிச்சு அடிக்கடி அறுகிறது. தரம் குறைந்த நரம்பா?

முடிச்சை உலர்ந்தபடி இறுக்கியிருப்பீர்கள். உராய்வின் சூட்டில் ஃபுளோரோகார்பன் வெந்துவிடும். முடிச்சுக்கு மேலே நரம்பு சுருண்டு வெளுத்துத் தெரிந்தால் அதுதான் அறிகுறி. பாலோமர் முடிச்சு போடுங்கள். நரம்பை 6 அங்குலம் இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணில் நுழைத்து, சாதாரண முடிச்சாகத் தளர்வாகப் போட்டு, வளையத்துக்குள் முள்ளை முழுசாக நுழைத்து, எச்சில் தொட்டு, இரு முனைகளையும் சேர்த்து மெதுவாக இழுக்க வேண்டும். இரண்டு இழைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாகப் படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள். இன்னொன்று: ஃபுளோரோகார்பன் மூழ்கும், மேல்மட்ட லூருக்கு அதைப் போடாதீர்கள்.

கேள்வி: போன வாரம் நன்றாக இருந்த ஏரி திடீரென்று பழுப்பாகிவிட்டது. அழுகிய முட்டை வாடை வேறு. விஷம் ஏதாவது கலந்திருக்குமா?

இலையுதிர் காலமாக இருந்தால் பெரும்பாலும் ஏரி புரண்டிருக்கிறது. மேல் தண்ணீர் குளிர்ந்து கீழ் அடுக்கின் வெப்பநிலைக்குச் சமமாகும்போது, காற்று இரண்டையும் கலக்கிவிடும். அடியில் கிடந்த மக்கலும் வாயுவும் மேலே வரும். ஒன்று இரண்டு வாரத்துக்கு மீன் சிதறிக் கிடக்கும். அந்த நாட்களில் ஆழமில்லாத வேறு ஏரிக்கோ, ஓடை வந்து சேரும் முகத்துவாரத்துக்கோ போங்கள். அடுக்காகப் பிரியாத தண்ணீர் புரள்வதும் இல்லை. கூட்டமாக மீன் செத்து மிதந்தால் மட்டும் மீன்வளத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் தெளிந்ததும் வருவதுதான் ஆண்டின் அருமையான காலம். இரைமீன் கூட்டம் உள்வளைவின் கடைசி வரை போகும், பாஸ் பின்னாலேயே போகும். ஸ்பின்னர்பெய்ட் (சுழலும் தகடு வைத்த லூர்), ஆழம் போகாத கிராங்க்பெய்ட் இரண்டையும் கட்டைகளில் இடித்துக்கொண்டு வரும்படி வேகமாக இழுக்கலாம். காற்று மோதும் கரையை முதலில் பாருங்கள்.

கேள்வி: உலக சாதனை பாஸ் எவ்வளவு எடை?

22 பவுண்டு 4 அவுன்ஸ், 10 கிலோவுக்குச் சற்று மேல். 1932 ஜூன் 2 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது. 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனபு குரிதா பிடித்தது ஒரு அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல். பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸ் வேண்டும் என்பது விதி என்பதால் இருவரும் சமம். இத்தனைக்கும் பாஸ் ஜப்பானுக்கு அந்நிய மீன். உள்ளூர் மீன்களை அழிக்கிறது என்பதால் அதை உயிரோடு கொண்டுபோவதற்கு அங்கே 2005 முதல் தடை. பிடித்த பாஸை வேறு குளத்தில் விடலாமா என்று கேட்ட வாசகருக்கும் இதுவே பதில்: கூடாது.

கேள்வி: 35 அடியிலிருந்து எடுத்த மீனைத் திரும்ப விட்டால் வயிறு மேலாக மிதக்கிறது.

பாஸின் காற்றுப்பை வாயோடு இணைந்ததல்ல, காற்றை ஏப்பமாக வெளியே விட அதனால் முடியாது. சட்டென்று மேலே வந்ததும் பை உப்பி, மீன் கீழே இறங்க முடியாமல் தவிக்கும். தொட்டியில் வைக்காமல் அப்போதே விட்டால் பல மீன்கள் தாமாக இறங்கிவிடும். இறங்காவிட்டால், கனமான ஈயம் கட்டிய கிளிப்பைக் கீழ்த்தாடையில் மாட்டிப் பிடித்த ஆழத்துக்கே இறக்கி, அங்கே கிளிப்பைக் கழற்றிவிடலாம். ஊசியால் குத்தும் முறை பழகியவர்களுக்கு மட்டும். 30 அடிக்குக் கீழே மீன் வந்துகொண்டே இருந்தால், விடுவதற்காகப் பிடிப்பவர் அந்த இடத்தை விட்டு நகர்வதே நல்லது.

பெரிய மீனைத் தாடையை மட்டும் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்காதீர்கள், மறுகையை வயிற்றுக்குக் கொடுங்கள். கை ஈரமாக இருக்கட்டும். களைத்த மீனை முன்னும் பின்னும் ஆட்டினால் செவுளில் தண்ணீர் எதிர்த்திசையில் புகும். நிமிர்த்திப் பிடித்திருந்தாலே போதும், தெம்பு வந்ததும் அதுவே உதறிக்கொண்டு போகும்.

கேள்வி: குளிர்காலத்தில் "மெதுவாக இழு" என்கிறார்கள். எவ்வளவு மெதுவாக?

தண்ணீர் 8 டிகிரிக்குக் கீழே போனால், 10 கிராம் ஜிக்கை (ஈயத் தலை வைத்த முள்) சரிவான கரையிலிருந்து ஆழத்தை நோக்கி, ஒரு தடவைக்கு அரை அடி நகர்த்தி 10 நொடி நிறுத்துங்கள். ஒரு வீச்சை முடிக்கப் பல நிமிடம் ஆக வேண்டும். கடி கையில் அடிப்பது மாதிரி வராது. நரம்பு ஈரத்துணியைத் தூக்குவதுபோல் கொஞ்சம் கனக்கும், அல்லது தண்ணீரில் நுழையும் இடத்தில் ஓர் அங்குலம் பக்கவாட்டில் நகரும். அப்போதே ராடை அடித்து இழுத்துவிடுங்கள்.