நேர்த்திக்கடன் முடிந்த மறுநாள்

அன்புள்ள அக்கா,

நான் தேவிபட்டினத்துக்காரி. போன மாசியில் கடலுக்குப் போன என் வீட்டுக்காரர் இரண்டு நாள் கரை திரும்பவில்லை. நாட்டுப்படகு, நடுவழியில் இன்ஜின் நின்றுவிட்டது. நான் கூப்பிடாத சாமி இல்லை. உப்பூர் பிள்ளையார், ராமநாதசுவாமி, ஏர்வாடி தர்கா என்று எல்லா இடத்துக்கும் வேண்டிக்கொண்டேன். வேறு படகுக்காரர்கள் பார்த்துக் கட்டி இழுத்து வந்தார்கள். சொன்ன நேர்த்திக்கடனை எல்லாம் முடித்தேன். அப்புறம் சாமி நினைப்பே இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதுகூட வெறும் பழக்கம்தான். இப்போது மாமியாருக்கு உடம்பு முடியவில்லை. மறுபடி போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. காரியம் ஆகும்வரை காலைப் பிடிக்கிறவள் என்று சாமி நினைக்காதா? கேட்பதற்கு ஒன்றும் இல்லாத நாளில் என்ன சொல்லித்தான் கும்பிடுவது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் போய் அத்தைக்காகக் கேளுங்கள். இன்றைக்கே போங்கள். கூச்சம் தீரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்தக் கூச்சத்தையும் சேர்த்தே சாமியிடம் சொல்லலாம்.

‘சங்கடம் வந்தால் வெங்கடரமணா’ என்று ஊரில் கேலி பேசுவார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிப்பதில்லை. வீட்டு மனிதர் கடலில் என்ன ஆனார் என்று தெரியாத இரவில் கூப்பிடாமல் வேறு எப்போது கூப்பிடுவது? அப்பர் பெருமான் பாடத் தொடங்கியதே சூலை நோயில்தான். வயிற்று வலி தாங்க முடியாமல் திருவதிகைக்குப் போய் விழுந்தவர் அவர். அந்த முதல் பதிகத்திலேயே ‘நலம் தீங்கிலும் உன்னை மறந்தறியேன்’ என்று பாடுகிறார். தீங்கில் மறக்காமல் இருப்பது நம் எல்லோருக்கும் வரும். நலத்திலும் மறக்காதிருப்பதுதான் கடினம். வலி நின்ற பிறகு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடவில்லை. முதுமை வரை, கோயில்களில் புல் செதுக்கும் உழவாரப் படையோடு ஊர் ஊராக நடந்தார். நம் ராமேசுவரத்துக்கும் அவர் பதிகம் இருக்கிறது.

உங்களுக்கு நடந்ததும் புதிதல்ல. குர்ஆனில் யூனுஸ் அத்தியாயத்தில் இதே விஷயம் வருகிறது. துன்பம் வந்தால் மனிதன் படுத்தும் உட்கார்ந்தும் நின்றும் இறைவனை அழைக்கிறான், அது நீங்கியதும் அழைக்கவே அழைக்காதவன் போலப் போய்விடுகிறான் என்று. கொஞ்சம் தள்ளி, அலை சூழ்ந்த கப்பலில் இருப்பவர்கள் கதறுவதும் கரைக்கு வந்ததும் மாறிவிடுவதும் வருகிறது. கடற்கரையில் பிறந்த நமக்கு அதை விளக்கிச் சொல்லவா வேண்டும்?

கோளாறு நேர்ந்த இடம் உங்கள் வேண்டுதல் இல்லை என்பது என் எண்ணம். நேர்த்திக்கடன் முடிந்த மறுநாள்தான் அது நேர்ந்தது. சொன்னதைச் செய்தாயிற்று, பாக்கி இல்லை என்று மனம் கணக்கை மூடிவிடுகிறது. இரண்டு நாளும் விடாமல் பேசிய சாமியிடம் மூன்றாம் நாள் பேச ஒன்றுமில்லாமல் போகிறது. கரைக்கு வந்தவர் அன்றாடம் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாரே, தங்கை! கேட்டது கிடைத்த அன்றைக்கு மட்டுமா நன்றி? அவர் ஒவ்வொரு நாள் திரும்பி வருவதும் கிடைத்ததுதானே.

கீழக்கரையில் ஒரு மளிகைக் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். மஃரிபுக்கு, அதாவது அந்தித் தொழுகைக்கு, பாங்கு சொன்னார்கள். பாதிப் பருப்பு தராசில் இருக்கிறது. கடைக்காரர் அதை முழுதாக நிறுத்துக் கட்டிக் கையில் கொடுத்தார், “இருங்கம்மா, தொழுதுட்டு வந்துர்றேன்” என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார். வியாபாரம் நன்றாக ஓடுகிற நேரம் அது. அவருக்கு அன்று கஷ்டமா, சந்தோஷமா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் ஐந்து வேளைத் தொழுகையும் வரும், அவரும் எழுந்து போவார். அவசரத்தில் எடையைக் குறைக்காமல் நிறுத்துக் கொடுத்தாரே, அதையும் நான் தொழுகையில்தான் சேர்ப்பேன்.

அதனால்தான் ‘வெறும் பழக்கம்’ என்று நீங்கள் எழுதியதை ஏற்க மாட்டேன். மனம் ஒட்டாத வெள்ளிக்கிழமைகளிலும் திரி போட்டு எண்ணெய் விட்டிருக்கிறீர்கள். நினைப்பு இல்லாத மாதங்களில் உங்களை அங்கேயே பிடித்து வைத்திருந்தது அந்தக் கைப்பழக்கம்தான். அதை விட்டுவிடாதீர்கள்.

என்ன சொல்லிக் கும்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள். தனியாக நேரம் ஒதுக்கு, பெரிய பெரிய துதி படி என்று சொல்ல மாட்டேன். விடிவதற்கு முன்னால் எழுந்து ஆளைக் கடலுக்கு அனுப்புகிறவளுக்கு நேரம் எங்கே இருக்கிறது? பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள், பாறை கிழிக்காமல் இருக்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொள்வார்கள். ஒரு அம்மா ஒவ்வொரு விரலுக்கும் முடிச்சுப் போடும்போது உதடு அசைந்ததைப் பார்த்தேன். கேட்டால், “சும்மா பேர் சொல்றதுதான்” என்றார். அப்படி உங்கள் வேலைக்குள்ளேயே இடம் இருக்கும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது, கருவாடு காயப் போடும்போது, படகு தெரிந்ததும். மீன்பாடு நன்றாக இருக்கிற நாளில் மறக்காமல் சொல்லுங்கள், அன்றைக்குத்தான் ஏலக் கூச்சலில் எல்லாம் மறந்து போகும். பாடு இல்லாத நாளில் கோபம் வந்தால் அதையும் சாமியிடமே சொல்லுங்கள். ‘இன்றைக்கு முட்டி வலிக்கிறது, பிள்ளை பரீட்சைக்குப் போயிருக்கிறான்’ என்று பேசினாலும் அது கும்பிடுவதுதான்.

அத்தை குணமானதும் நேர்த்தியை முடியுங்கள். அதற்கு அடுத்த வாரம், ஏதாவது ஒரு செவ்வாயோ புதனோ, எதுவும் கேட்காமல் ஒரு நடை உப்பூருக்குப் போய்வாருங்கள். அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். நானும் அத்தைக்காக வேண்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா