லீவுக்கு ஊருக்கு வாறம், பிள்ளையளுக்கு விசர்நாய் ஊசி போட வேணுமோ?

கேள்வி: டொக்டர், நாங்கள் டொரன்டோவில இருக்கிறம். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து கோண்டாவில்ல அம்மா வீட்டை ரண்டு மாதம் நிக்கப் போறம். மகனுக்கு 6 வயசு, மகளுக்கு 9. ட்ரவல் கிளினிக்கில விசர்நாய்க்கடி ஊசியை முதலே போடச் சொல்லுகினம், நாலு பேருக்கும் எண்டால் கனக்கக் காசு. அம்மா சொல்லுறா, "கொப்பரையும்தான் நாய் கடிச்சது, ஒண்டும் வரேல்லை, கடிச்சாலும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில சும்மா போடுவினம்" எண்டு. என்ன செய்யிறது?

பதில்: அம்மா சொன்னதில பாதி சரி தங்கச்சி. கடிச்சாப்பிறகு போடுற ஊசி இஞ்ச அரச ஆஸ்பத்திரியில காசில்லாமல்தான் போடுகினம். மற்றப் பாதிதான் பிழை. அப்பாவுக்கு ஒண்டும் வராததுக்குக் காரணம் அந்த நாய்க்கு நோய் இல்லாததா இருக்கும், அவ்வளவுதான். இந்த நோய்க்குறி ஒருக்கா வெளிய வந்துட்டுதெண்டால் பிறகு எந்த நாட்டு ஐசியுவில வைச்சாலும் ஆளைக் காப்பாத்திறது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

என்னைக் கேட்டால் பிள்ளையள் ரண்டு பேருக்கும் போட்டுக்கொண்டு வாங்கோ, காசு இடிக்குதெண்டால் உங்களுக்கும் அவருக்கும் விடலாம். ஏனெண்டால் உலகத்தில இந்த நோயால சாகிறவையில பத்துப் பேரில நாலு பேர் 15 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையள். 6 வயசுப் பெடியன்ர முகம் நாய்ட வாய் மட்டத்திலதான் இருக்கும், முகத்தில கழுத்தில கடிச்சால் கிருமி நரம்பு வழியா மூளைக்குப் போற தூரமும் குறைவு, அதோட பேச்சு விழுமெண்டு பயந்து பிள்ளையள் சொல்லவும் மாட்டினம், ஒழுங்கையில நாய்க்குட்டியைத் தூக்கி விளையாடேக்க பல்லுப் பட்டதை ராவில குளிக்க வாக்கேக்கதான் காணுவியள்.

இதில கனபேர் பிழையா விளங்கிற ஒரு விசயம் இருக்கு. முதலே ஊசி போட்டால் பிறகு கடிச்சாலும் பேசாமல் இருக்கலாம் எண்டில்லை! கடிச்சால் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேணும். வித்தியாசம் என்னெண்டால், ஊசியே போடாத ஆளுக்கு ஆழமான கடி எண்டால் தடுப்பூசி மட்டும் காணாது, அது உடம்பில வேலை செய்யத் தொடங்க ஒரு கிழமைக்கு மேல எடுக்கும், அதுவரைக்கும் கிருமியைப் பிடிச்சு நிப்பாட்ட இம்யூனோகுளோபுலின் எண்டு வேற ஒரு மருந்தைக் காயத்துக்குள்ளயும் சுத்திவரவும் குத்த வேணும். அது நிறைக்கு ஏத்த அளவில போடுறது, சின்னப் பிள்ளையின்ர கன்னத்திலயோ விரல்லயோ குத்திறதைப் பாக்கேலாது, அதைவிட எல்லா ஆஸ்பத்திரியிலயும் எந்த நேரமும் இருக்குமெண்டும் இல்லை. முதலே போட்ட பிள்ளைக்கு அது தேவையில்லை. உடம்பு படிச்ச பாடத்தை ஞாபகப்படுத்திற மாதிரி முதல் நாளும் மூண்டு நாள் கழிச்சும் ரண்டு ஊசி, அதோட சரி. தொப்புளைச் சுத்திப் போடுற காலமெல்லாம் எப்பவோ போயிட்டுது, இப்ப கையிலதான்.

நெடுந்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போற பிளான் இருந்தால் முதலே போட்டுக்கொண்டு வாறது இன்னும் நல்லது, அங்க கடிச்சால் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வள்ளம் வரும்வரைக்கும் காவல் நிண்டுதான் திரும்ப வேணும். அநுராதபுரம், சீகிரியா பக்கம் போனால் குரங்குக்குத் தீன் குடுக்க விடாதேங்கோ. பூனையும் கடிக்கும், அதையும் மறக்காதேங்கோ.

கீறல்தானே எண்டு விடுறதுதான் எனக்குப் பயம். 2025இல இங்கிலாந்துக்காரி ஒராள், மொரோக்கோவுக்கு லீவுக்குப் போன இடத்தில தெருநாய் லேசாக் கீறினது, மனிசி அதைக் கணக்கெடுக்கேல்லை, பெப்ரவரியில கீறல், ஜூனில செத்துப்போனா. தோல் உடையாத இடத்தில நாய் நக்கினால் பயமில்லை, கழுவினால் காணும். ரத்தம் வராத கீறல் எண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

கடிச்ச உடன கிணத்தடிப் பைப்பைத் திறந்து சவுக்காரம் போட்டு 15 நிமிசம் கழுவுங்கோ, மணிக்கூட்டைப் பாத்துக் கழுவுங்கோ, 2 நிமிசத்தை 15 எண்டு நினைக்கிற ஆக்கள்தான் கூட. பிறகு பெற்றாடின் எண்ட கிருமி கொல்லுற மருந்து பூசலாம். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் ஒண்டும் வைக்கப்படாது, இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அப்பிடியே பெரியாஸ்பத்திரிக்கோ, கிட்ட எண்டால் தெல்லிப்பழைக்கோ வாங்கோ. வீட்டு நாய், ஊசி போட்ட நாய் எண்டு அம்மா சொன்னாலும் வந்து காட்டுங்கோ. நாயைக் கட்டி வைச்சு ரண்டு கிழமை பாக்கலாம், அது சுகமா இருந்தால் மிச்ச ஊசியை நிப்பாட்டிறதை டொக்டர் முடிவெடுப்பார், ஆனா நாயைப் பாத்துப்போட்டு ஊசியைத் தொடங்குவம் எண்டு இருக்கப்படாது. நாயை அடிச்சுக் கொல்லுறதும் வேண்டாம், பிறகு எதைப் பாக்கிறது?

இடையில பிளைட் வந்துட்டுதெண்டால் என்ன ஊசி, என்ன திகதி எண்டு எழுதின துண்டைக் கவனமா வைச்சுக்கொண்டு போய் மிச்சத்தை டொரன்டோவில போடுங்கோ.

முதலே போடுற ஊசி உலக சுகாதார நிறுவனத்தின்ர கணக்கில ஒரு கிழமை இடைவெளியில ரண்டு, சில நாட்டில இப்பவும் மூண்டு போடுகினம், உங்கட கிளினிக் சொல்லுற மாதிரிச் செய்யுங்கோ. மூண்டெண்டால் மூண்டு நாலு கிழமை பிடிக்கும், அதால டிக்கெட் போட்ட கையோட அப்பொயின்ட்மென்டையும் எடுங்கோ. பிள்ளையள் ஆராவது ஸ்டீரொயிட் குளிசை எடுக்கிறதெண்டால் அதை அங்கயே முதல்ல சொல்லிப்போடுங்கோ.