காங்கயம் மாடு வளர்ப்பு: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

காங்கயத்துக்குப் பக்கத்துல மூணு தலைமுறையா பசுவும் பூச்சிக்காளையும் (சேர்க்கைக்கு விடற காளை) வெச்சிருக்கிற குடும்பம் எங்களுது. வளர்ப்பு, சேர்க்கை, சந்தை பத்திக் கேளுங்க. வைத்தியம் கேட்டா டாக்டர்கிட்டத்தான் அனுப்புவேன்.

ஏனுங்க, காங்கயம் பசு நாளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும்? (ஈரோடு)

கன்னுக்கு விட்டது போக ரெண்டு, மூணு லிட்டர். கன்னு வாய் வெக்காம பாலை இறக்காது. பால் யாவாரம்தான் நோக்கம்னா இது உங்களுக்கான மாடு இல்லைங்க.

அண்ணா, மயிலைப் பசுன்னு (சாம்பல் நிறம்) நம்பி சினையோட வாங்கினேன். கன்னு செவலையாப் பொறந்திருக்கு. ஏமாத்திட்டாங்களா? (கரூர்)

யாரும் ஏமாத்தல தம்பி. காங்கயம் கன்னு பொறக்கறப்ப செவலையாத்தான் இருக்கும். ஆறு மாசத்துக்குள்ள சாம்பலுக்குத் திரும்பும். காளைக்கன்னா இருந்தா வளர வளரத் தலை, கழுத்து, திமில், தொடையெல்லாம் கருக்கும். காயடிச்சா அந்தக் கருப்பு வெளுத்துரும். கலரைப் பார்த்து இப்பவே வித்துராதீங்க.

என் பொண்ணு பத்தாவது படிக்கிறா. அவ வளர்த்த கிடாரியை அவளே கன்னபுரம் தேர்ச்சந்தைக்குப் பிடிச்சுட்டு வரணும்ங்கறா. எப்படித் தயார் பண்றதுங்க? (வெள்ளகோவில்)

இந்த மாதிரிக் கேள்விக்குத்தானுங்க உக்காந்திருக்கேன். கன்னபுரத்துல மாரியம்மன் தேர் சித்திரையில. தை பொறந்ததும் பழக்க ஆரம்பிக்கணும். முதல்ல தலைக்கயிறு மட்டும் போட்டு, சாயங்காலம் மேய்ச்சல்ல இருந்து திரும்பறப்ப அம்மிணியே பிடிச்சு நடக்கட்டும். மாடு நின்னா இழுக்க வேண்டாம், கூடவே நிக்கணும். பத்தடி நடந்ததும் ஒரு பிடி பருத்திக்கொட்டை. அப்பறம் ரோட்டோரம் கூட்டிட்டுப் போய் லாரிச் சத்தம், பஸ் ஹாரன் எல்லாம் பழக்கணும். சந்தையில மாடு மிரள்றது ஆளைப் பார்த்தில்ல, சத்தத்தைக் கேட்டுத்தான்.

வேலையை வீட்டுல பங்கு போட்டுக்குங்க. தேய்ச்சுக் குளிப்பாட்டறது அம்மிணி, தீவனம் அம்மா, குளம்பு வெட்டறது பழகின ஆள். கொம்பைக் கண்ணாடிச் சில்லால சுரண்டி எண்ணெய் தடவுவாங்க; மேல் சொரசொரப்பு போனாப் போதும். பளபளப்புக்கு ஆசைப்பட்டு அடிக்கொம்பு வரைக்கும் சீவினா ரத்தம் கசியும். சந்தைக்கு ஒரு வாரம் முன்னாடி புதுத்தீவனம் எதுவும் வேண்டாம், கழிச்சலோட நிக்கற மாட்டை யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டாங்க.

விக்கறதா இருந்தா தரகர் துண்டைப் போட்டு, அடியில விரலைப் பிடிச்சுத்தான் விலை பேசுவார். பக்கத்துல நிக்கறவனுக்குக் கூடத் தெரியாது. அதுக்கு நீங்க போங்க.

ஒண்ணு மட்டும்: கிடாரி வரைக்கும் சரி. பூச்சிக்காளைக்கயிறு குழந்தைங்க கையில வேண்டாம்.

பால் எவ்வளவு கறக்கும்? (சேலம்)

முதல் பதிலைப் படிங்க.

ஏழு பசு, ஒரு காளை. காளை நம்ம வீட்டுலயே பொறந்தது, எட்டு வருசமா ஓடுது. கன்னு எடுப்பு குறையுது, கிடாரிக சினை நிக்க மாட்டேங்குது. தாது உப்பு எது நல்லது? (தாராபுரம்)

உப்பு அப்பறம் பார்க்கலாம். எட்டு வருசத்துல அந்தக் காளை தன் மகள்களையே சேர்ந்திருக்கும். அப்பனும் மகளும் சேர்ந்தா பொறக்கற கன்னுக்கு அகச்சேர்க்கை (ரத்த உறவுக்குள்ளயே சேர்றது) 25 சதவீதம். தாத்தன், பேத்தின்னா பன்னெண்டரை. எடை குறையறது, சினை நிக்காதது, நோஞ்சான் கன்னு எல்லாம் அதுலதான் வரும். காளை நல்ல காளையாவே இருக்கட்டும், மகள் பருவத்துக்கு வர்றதுக்குள்ள மாத்தியாகணும்.

அப்படிப் பார்த்தா பழையகோட்டைப் பட்டக்காரர் வெளியில இருந்தா காளை கொண்டுவந்தார்? சொந்த ரத்தத்துல நின்னாத்தான் இனம் சுத்தமா இருக்கும். எங்க ஐயன் அப்படித்தான் வெச்சிருந்தார். (மூலனூர்)

வாங்க மாமா, இது வரும்னு எதிர்பார்த்தேன். பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் வெச்சிருந்தது பெரிய மந்தை. எதை எதோட சேர்க்கறதுன்னு பொறுக்கி எடுக்க இடமிருந்தது. ஏழு பசுவுக்கு ஒரு காளை வெச்சிருக்கறவருக்கு அந்த வசதி எங்கே? இனம் சுத்தமா இருக்கறது வேற, குடும்பத்துக்குள்ளயே சுத்தறது வேற. பக்கத்து ஊர்க் காளையும் காங்கயம்தானே!

மூலனூர் மாமா சொல்றதுதான் சரி. சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டுப் போட்டுத்தான் இனமே கெட்டுச்சு. (பல்லடம்)

ஊசி கெடுக்கலைங்க, என்ன இனம்னு கேக்காமப் போட்டுக்கிட்டது கெடுத்துச்சு. பருவத்துக்கு வந்த பசு கத்தும், அறையில (பின்பக்க உறுப்புல) கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கும். காலையில பார்த்தா சாயங்காலம், சாயங்காலம் பார்த்தா மறுநாள் காலையில ஊசி. போடறதுக்கு முன்னாடி அந்த விந்துக்குச்சியை வாங்கிப் பாருங்க, இனமும் காளை நம்பரும் அச்சடிச்சிருக்கும். நம்பரை நோட்டுல எழுதி வெச்சா நாளைக்கு மகளுக்கு அதே காளை விழாது. பசுவை வெளிக்காளைக்கு ஓட்டிட்டுப் போக முடியாதவங்களுக்கு இது நல்ல வழி.

எங்க ஐயன் நோட்டா வெச்சிருந்தார்? (மூலனூர்)

தலையில வெச்சிருந்தார் மாமா. எந்தப் பசு யார் மகள்னு கேட்டா நாலு தலைமுறை சொல்லியிருப்பார். உங்க பையன் சொல்லுவானா?

கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் காடு) இல்லாம வளர்க்க முடியுமா? (கோவை)

முடியும், செலவு ஏறும். கிளுவை வேலிக்குள்ள கொழுக்கட்டைப்புல்லும், கோடையில விழற வெள்வேலங்காயும் காசு கேக்கறதில்லை. நீங்க சோளத்தட்டு வாங்கணும்.

கிடாரிக்கன்னுக்குக் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி போடணுமா? (திருப்பூர்)

கட்டாயம். நாலுல இருந்து எட்டு மாசத்துக்குள்ள, ஆயுசுக்கு ஒரே தடவை. காளைக்கன்னுக்கும் சினைமாட்டுக்கும் போடக்கூடாது. மீதியை டாக்டர்கிட்டக் கேளுங்க.

பசு என்ன விலை? பால் எத்தனை லிட்டர்? (சென்னை)

மாட்டைப் பார்க்காம விலை சொல்றவன் தரகன். பாலுக்கு, மேல போங்க.

சரி, மாத்தறேன். புதுக்காளையைச் சந்தையில வாங்கட்டுமா? (தாராபுரம்)

சந்தையில தாயைப் பார்க்க முடியாது. பிடிச்சிருந்தா முன்பணம் கொடுத்துட்டு, வித்தவர் கட்டுத்தரைக்கே போங்க. தாயோட மடி, காம்பு, குணம், வருசா வருசம் ஈத்துதா, எல்லாம் பாருங்க. காளைக்கு நாலு பல்லு போட்டிருந்தா சேர்க்கைக்கு விடலாம். பழைய காளையை மூலனூர் மாமாவுக்குக் கொடுத்து மாத்திக்குங்க, அவர் மந்தைக்கு அது வெளிரத்தம்தான். அவிழ்க்கறப்ப ரெண்டு பேரு நில்லுங்க.