“சும்மா வந்துட்டுப் போங்க” என்ற அழைப்பு சட்டமாகுமா?

கேள்வி: என் தந்தைக்கு 67 வயது. சுற்றுச்சுவர் தகராறில் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மனுவுக்காக, “சும்மா வந்துட்டுப் போங்க” என்று காவல் நிலையத்திலிருந்து செல்போனில் அழைத்தார்கள். காலை 10 மணிக்குப் போனவரை இரவு 8 மணி வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சர்க்கரை மாத்திரை போடுவதற்குக்கூட வீட்டுக்கு விடவில்லை. மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். போகாவிட்டால் கைது செய்வார்களா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அந்த மாத்திரைதான். கைது செய்யப்பட்ட ஒருவருக்கே மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சட்டம் கட்டளையிடும்போது, கைதே செய்யப்படாத முதியவரை மருந்தின்றிப் பத்து மணி நேரம் உட்கார வைத்ததற்கு எந்த நியாயமும் இல்லை.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆவது பிரிவு, விவரம் தெரிந்தவரை விசாரணைக்கு அழைக்கும் அதிகாரத்தைக் காவல் அதிகாரிக்குத் தருகிறது. ஆனால் அந்த அழைப்பு எழுத்தில் இருக்க வேண்டும். 60 வயதைக் கடந்த ஆண்கள், 15 வயதுக்குட்பட்ட சிறுவர்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டுமே தவிர, நிலையத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்களாக விரும்பி வருவதற்குத் தடையில்லை.

இது வழக்குப் பதிவான பிறகு நடக்கும் புலன் விசாரணைக்கு உரிய பிரிவு, மனு விசாரணைக்குப் பொருந்தாது என்று நிலையத்தில் சொல்லக்கூடும். வழக்கே பதிவாகாத நிலையில் ஒருவரை வரவழைத்து நிறுத்தி வைக்க இன்னும் குறைவான அதிகாரமே உண்டு என்பதுதான் அதற்கு மறுமொழி. மனு விசாரணைக்கு அழைப்பதானாலும் நாளும் நேரமும் குறிப்பிட்டு எழுத்து மூலம் அழைக்க வேண்டும், விசாரித்த விவரத்தை நிலைய நாட்குறிப்பில் பதிய வேண்டும், அழைக்கப்பட்டவரைத் துன்புறுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் அறிவுறுத்தியிருக்கிறது. சுவர் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது உரிமையியல் நீதிமன்றம். அடிதடியோ மிரட்டலோ நடந்திருந்தால் மட்டுமே அதில் காவல்துறைக்கு வேலை.

ஒருவேளை உங்கள் தந்தை மீது வழக்குப் பதிவானாலும் உடனே கைது என்று அஞ்ச வேண்டாம். கைது தேவைப்படாத வழக்கில் 35(3)-ஆவது பிரிவின்படி முன்னிலையாகச் சொல்லி அறிவிப்பு தர வேண்டும். அதன்படி நடந்துகொள்பவரைக் கைது செய்ய வேண்டுமென்றால் அதற்கான காரணத்தை அதிகாரி எழுதி வைக்க வேண்டும். அந்த அறிவிப்பை மட்டும் ஒருபோதும் அலட்சியப்படுத்தாதீர்கள், ஏனெனில் போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றமாக இருந்தால், 60 வயதைக் கடந்தவரைக் கைது செய்ய டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதியும் வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். தந்தையின் வயதையும் உடல்நிலையையும் குறிப்பிட்டு, வீட்டில் விசாரிக்க ஒத்துழைப்பதாக ஆய்வாளருக்கு விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்பி, அதன் நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்கள். காவல் நிலையத்தின் வாயில், வரவேற்பறை, தாழ்வாரம் உட்பட எல்லா இடங்களிலும் கேமரா இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டிருப்பதால், அன்றைய பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படியும் அதிலேயே கேளுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். எழுத்தில் அழைப்பது நேர்மையான அதிகாரிக்கும் பாதுகாப்புதான் என்பதை நான் சந்திக்கும் காவலர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

கேள்வி: நடைப்பயிற்சியின்போது என் மனைவியின் தாலிச் சங்கிலியைப் பறித்துச் சென்றார்கள். புகார் கொடுத்து 40 நாட்களாகியும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டுமே கையில் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். எப்போது போடுவார்கள்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டுமே. அது முதல் தகவல் அறிக்கைக்கு ஈடாகாது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் கிடைத்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. வழிப்பறி அத்தகைய குற்றம்தான். புதிய சட்டத்தின் 173(3)-ஆவது பிரிவு சில குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியுடன் முதற்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது என்றாலும், அதற்கான கெடு 14 நாட்களே. “சம்பவம் எங்கள் எல்லையில் இல்லை” என்று திருப்பி அனுப்பவும் வழியில்லை. எந்த நிலையத்திலும் பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்றலாம்.

புகாரின் சாரத்தை ரசீது நகலோடு உங்கள் பகுதிக் காவல் கண்காணிப்பாளர் நிலை அதிகாரிக்கு அஞ்சலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால், பிரமாணப் பத்திரத்துடன் குற்றவியல் நடுவரை அணுகலாம். வழக்குப் பதிவானதும் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். புலன் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் போலீஸ் நோட்டீஸ் வந்தது, பிறகு சீருடையில் ஒருவர் வீடியோ காலில் தோன்றி, நான் ‘டிஜிட்டல் கைது’ செய்யப்பட்டிருப்பதாகச் சொன்னார். இது உண்மையா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லை. முன்னிலையாகச் சொல்லும் 35-ஆவது பிரிவு அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் அனுப்பியிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.