கல்லீரல் நொதியைத் தடுக்கும் மருந்தை ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

புதிய மருந்து மூலக்கூறு ஒன்று கல்லீரல் நொதிகளைத் தடுக்குமா என்பதை, மனிதருக்குக் கொடுக்கும் முன்பே எப்படி அறிகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சிஒய்பி3ஏ4 என்ற நொதியையே எடுத்துக்கொள்வோம். புழக்கத்தில் உள்ள மருந்துகளில் பெரும்பங்கைச் சிதைப்பது அதுதான்.

மாற்று அறுவைக்குப் பயன்படாத மனிதக் கல்லீரல்களிலிருந்து பிரித்து, உறைநிலையில் வைத்திருக்கும் மைக்ரோசோம்களே, அதாவது இந்நொதிகள் நிறைந்த செல்சவ்வுத் துணுக்குகளே, இச்சோதனையின் மூலப்பொருள். அவற்றோடு, இந்த நொதி சிதைக்கும் மிடசோலம் என்ற மருந்தையும், சோதிக்க வேண்டிய மூலக்கூறையும் பல செறிவுகளில் கலந்து, 37 டிகிரி செல்சியஸில் வைத்து, நொதி இயங்கத் தேவையான துணைப்பொருளான என்ஏடிபிஹெச்சைச் சேர்த்ததும் வினை தொடங்குகிறது. சில நிமிடங்களில் குளிர்ந்த அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றி வினையை நிறுத்தி, மிடசோலத்திலிருந்து உருவான ஹைட்ராக்சி மிடசோலம் என்ற சிதைபொருளை நிறைநிறமாலைமானியில் (மூலக்கூறுகளை நிறையைக் கொண்டு இனங்கண்டு அளக்கும் கருவி) அளக்கிறார்கள். நொதியின் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் மூலக்கூறின் செறிவே ஐசி50; இந்த எண் சிறியதாக இருந்தால் தடுப்பு வலுவானது. மூலக்கூறைக் கரைக்கப் பயன்படும் டிஎம்எஸ்ஓ கரைப்பானே நொதியைத் தடுக்கக்கூடியது என்பதால், அதன் அளவில் தாராளம் காட்டினால் முடிவு கெட்டுவிடும்.

ஆனால் ஒரே ஒரு ஐசி50 எண்ணை நம்புவது ஆபத்து என்பேன். மூலக்கூறையும் நொதியையும் என்ஏடிபிஹெச்சுடன் 30 நிமிடம் முன்கூட்டியே வைத்திருந்து அளக்கும்போது அந்த எண் வெகுவாகக் குறைந்தால், மூலக்கூறின் சிதைபொருள் நொதியையே செயலிழக்கச் செய்கிறது என்று ஐயுற வேண்டும். அப்படியானால் மருந்தை நிறுத்திய பின்பும், உடல் புதிய நொதியை உருவாக்கும்வரை தடுப்பு நீடிக்கும். அமெரிக்காவில் 1997இல் அறிமுகமான மிபெஃப்ராடில் என்ற இரத்த அழுத்த மருந்து இவ்வகைத் தடுப்பான். பிற மருந்துகளோடு ஏற்பட்ட ஆபத்தான வினைகளால் 1998இலேயே திரும்பப் பெறப்பட்டது.