சோழகத்தில் மன்னார்ப் பாதை – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் சைக்கிள் கட்டுரைகளை வாசித்துவிட்டுப் போன ஆடியில் நானும் நண்பனும் யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு ஏ32 வீதியால் ஒரே நாளில் போனோம். விடிய நாலரைக்கு வெளிக்கிட்டும், பொழுதுபட்ட பிறகுதான் மன்னார்ப் பாலத்தில் ஏறினோம். முழுக்கச் சமதரை, நல்ல காப்பெற் றோட்டு. இருந்தும் முழங்காவில் என்ற ஊர் தாண்டியதும் கால் ஓடவில்லை. கரையோர வீதி என்கிறார்கள், சங்குப்பிட்டிப் பாலம் தாண்டினால் மன்னார் வரை கடலையே காணவில்லை. கியர் சைக்கிள் இருந்திருந்தால் சமாளித்திருப்போமா? அல்லது அந்தப் பாதையே சைக்கிளுக்குச் சரிவராதா?

– கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பாதையில் ஒரு குறையும் இல்லை. ஆடி மாதத்தில் அதை வடக்கிலிருந்து தெற்காக ஓடியதுதான் உங்களை முறித்திருக்கிறது.

வைகாசிக்குப் பிறகு புரட்டாதி வரை எங்கள் பக்கம் சோழகக் காற்று. தென்மேற்கிலிருந்து அடிக்கும். பூநகரியிலிருந்து மன்னாருக்குப் போகும் வீதியோ தெற்கே இறங்கி, மேற்கே சாய்கிறது. ஆகவே நாள் முழுக்கக் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் உழக்கியிருக்கிறீர்கள். மலைநாட்டில் ஒரு ஏற்றம் ஏறினால் பின்னால் ஒரு இறக்கமாவது வரும், கால் ஆறும். இங்கே அது இல்லை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. மணிக்கு 15 கிலோமீற்றரில் ஓடுகிறவருக்கு எதிரே 20 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வந்தால், அவர் நெஞ்சில் முட்டுவது 35 கிலோமீற்றர் காற்று. காற்றில்லாத நாளோடு பார்த்தால் ஐந்து மடங்குக்கு மேலான தடை. வெயில் ஏற ஏறச் சோழகமும் ஏறும். முழங்காவிலில் கால் விட்டுப்போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கியர் இருந்திருந்தால் முழங்கால் நோவு குறைந்திருக்கும். நேரம் பெரிதாக மிச்சப்பட்டிருக்காது. உடம்பை வைத்துக்கொள்ளும் விதம்தான் முக்கியம், அதை நாச்சிக்குடாப் பக்கத்து மீன் வியாபாரிகளிடம் பார்க்கவேண்டும். இப்போது பலர் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள், சைக்கிளை விடாத வயதானவர்கள் சிலர் இருக்கிறார்கள். கரியரில் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி, பழைய ரியூப்பைக் கீறி இழுத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருக்கும். ஐஸ் தண்ணி மூலையால் வடிந்து மட்காட்டில் வெள்ளைக் கோடாகக் காய்ந்திருக்கும். அவ்வளவு பாரத்தோடும் காற்று உரக்கும்போது அந்த மனிதர் எழும்பி நின்று மிதிக்கமாட்டார். முழங்கையை மடித்து, நெஞ்சைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்து, ஒரே சீராக உழக்குவார். நீங்கள் இரண்டு பேர் போயிருக்கிறீர்கள். ஒருவர் பின்னால் ஒருவராகப் போனீர்களா, பக்கத்துப் பக்கத்தில் கதைத்துக்கொண்டு போனீர்களா? முன்னால் போகிறவர் காற்றை வாங்க, பின்னால் வருகிறவர் ஒட்டிப் போய், முறை மாறிக்கொண்டால் அதே பாதை வெகுவாக இலகுவாகும்.

கடலைப் பற்றி. அந்த வீதி கரையை விட்டு உள்வாங்கிப் போகிறது. இந்தப் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது, கரையில் பல இடங்களில் கண்டலும் (அலையாத்தி மரங்கள்) சேறும் உவர்வெளியும்தான். கடல் வேண்டுமென்றால் மேற்கே திரும்பவேண்டும். நாச்சிக்குடா, தேவன்பிட்டி, இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கிளைவீதி இருக்கிறது. விடத்தல்தீவில் மட்டுமாவது இறங்கியிருக்கலாம், தம்பி. கண்டல் காட்டை ஒட்டி வள்ளங்கள் கட்டிக் கிடக்கும் அந்தத் துறையைப் பார்க்காமல் மன்னார்க் கரையைப் பார்த்தேன் என்று சொல்லமுடியாது.

இதை அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 2008இல் போர் நெருங்க நெருங்க இந்த ஊர்கள் ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்தன. சனம் பெட்டி படுக்கை, சட்டி பானை, கூரைத் தகரம் வரை சைக்கிளில் கட்டிக்கொண்டு இந்த வீதியாலும் உள்வீதிகளாலும் போனது. அதற்கு முன்னும், எரிபொருள் தடைக்காலத்தில், வன்னியை இழுத்தது சைக்கிள்தான். அப்படிப்பட்ட வீதியை நேரக்கணக்குப் பார்த்து ஓடித் தாண்டுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். தேத்தண்ணிக் கடையில் குந்துங்கள். எங்கேயிருந்து வாறியள் தம்பி என்று கட்டாயம் கேட்பார்கள். அங்கே போகும் அரைமணியும் பயணம்தான். ஆகவே இரண்டு நாள் எடுங்கள்.

திரும்பப் போவதென்றால் தை பிறந்தபிறகு, மாசிக்குள் போங்கள். மாரி மழை ஓய்ந்திருக்கும், வாடை வடகிழக்கிலிருந்து முதுகில் தள்ளும், மன்னார்ப் பாலத்தடி உவர்வெளியில் பூநாரைகளும் நிற்கும். ஆடியில்தான் லீவு கிடைக்குமென்றால் சைக்கிளை பஸ்ஸில் ஏற்றி மன்னாருக்குப் போய், அங்கிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஓடுங்கள். அதே சோழகம் உங்களைப் பூநகரிவரை கொண்டுவந்து விடும். அப்படி வரும்போது திருக்கேதீச்சரம் தொடக்கத்திலேயே வருகிறது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய கோயில், காலை வெயில் ஏறுமுன் பாலாவியில் கால் கழுவிக் கும்பிட்டுவிட்டு வெளிக்கிடலாம்.

கரைப்பக்கக் கிணறுகள் பலதில் தண்ணி சவர். பூநகரியிலும் முழங்காவிலிலும் போத்தல்களை நிரப்பிக்கொள்ளுங்கள். நிழலுக்கென்று பற்றைக்குள் இறங்கவேண்டாம். கண்ணிவெடி அகற்றும் வேலை வன்னியில் இன்னும் முடியவில்லை, சிவப்புப் பலகை கண்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பொழுதுபட்டபின் காட்டுப்பகுதியில் யானை வீதிக்கு வரும். ஆகவே ஐந்து மணிக்கெல்லாம் ஏதாவது ஊருக்குள் இருக்கவேண்டும்.

தையில் வருவதாக இருந்தால் திகதியை முன்கூட்டியே எழுதுங்கள். நாச்சிக்குடாச் சந்தியில் நின்று நானும் சேர்ந்துகொள்கிறேன்.